'ஹெட் ஹன்டர்ஸ்' முதல் அடி அல்ல

1973-இல் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பம் வந்த பிறகுதான் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் சோல், ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்கத் தாள இசைப் பக்கம் வந்தார் என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் போனதும் 1969-இல் அவர் வெளியிட்ட முதல் ஆல்பமான 'ஃபேட் ஆல்பர்ட் ரொட்டுண்டா'விலேயே சோலும் ஃபங்க்கும் வந்துவிட்டன. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போட்ட இசையிலிருந்து பிறந்தது அந்த ஆல்பம். முழுக்க ஸ்டுடியோப் பதிவு.

முதல் பாட்டு 'விகிள் வாகிள்' மட்டும் கேளுங்கள். எரிக் கேலின் கிதார் வெட்டி வெட்டி வரும், பித்தளை வாத்தியங்கள் மேலே வந்து மோதும். அப்புறம் 'டெல் மீ எ பெட்டைம் ஸ்டோரி'. ஜோ ஹென்டர்சனின் புல்லாங்குழலும் எலக்ட்ரிக் பியானோவும் அவ்வளவு இதமாக இழையும். இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் 1978-இல் அந்தப் பாட்டை மறுபடி எடுத்துச் செய்தார். இந்த ஆல்பத்தை விட்டுவிட்டு ஹான்காக்கின் கதையைச் சொல்லாதீர்கள்.