கொழுப்பு மாத்திரையும் அப்பாவின் கால்வலியும்

போகிக்குப் பழையன கழிக்கிறேன் என்று அப்பாவின் அலமாரியைக் குடைந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். எண்ணிப் பார்த்தேன், பதினோரு அட்டை. எல்லாமே ரத்தக் கொழுப்பைக் குறைக்கப் போடும் கொழுப்பு மாத்திரை. ஒன்றில்கூட விரல் பட்டிருக்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். மாதம் தவறாமல் மருந்துக்கடைக்குப் போய், சில்லறை பாக்கி வாங்கி, சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார். மாத்திரையை மட்டும் போடவில்லை. கேட்டால், "கெண்டைக்கால் இரண்டும் குடைகிறது. அந்த மாத்திரை தசையை அரிக்குமாம், வீடியோவே வந்திருக்கிறது" என்றார். டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எல்லாம் உங்கள் பிரமை" என்றாராம். அதன் பிறகு அப்பா யாரிடமும் வாதாடவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் சொல்லவிருந்ததும் அதே "பிரமை" என்ற சொல்தான். அப்போதுதான் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. சாம்சன் என்று பெயர், 2020இல் வெளியானது. ஸ்டாட்டின் வகை மாத்திரை (நாம் கொழுப்பு மாத்திரை என்கிறோமே, அதுதான்) ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒன்றாக 12 புட்டிகள். நான்கில் அசல் மாத்திரை, நான்கில் அதே தோற்றத்தில் மருந்தில்லாத போலி மாத்திரை, மீதி நான்கு காலிப் புட்டிகள். மாத்திரை இருக்கும் மாதங்களில் அது அசலா போலியா என்பது போடுகிறவருக்குத் தெரியாது. அன்றன்றைய உபாதைக்குத் தினமும் 100க்கு மதிப்பெண் போட்டுப் போனில் அனுப்ப வேண்டும்.

மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. அசல் மாத்திரை மாதங்களில் 16.3. இதுவரை அப்பா கட்சிதான் ஜெயிக்கிறது. போலி மாத்திரை மாதங்களில் எவ்வளவு தெரியுமா? 15.4.

அதாவது கூடிய உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரையிலும் வந்திருக்கிறது. "நிறுத்தினேன், வலி போய்விட்டது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள் அல்லவா? போலி மாத்திரையை நிறுத்தியபோதும் அதே மாதிரி குறைந்தது. இதற்கு நொசீபோ என்று பெயர். நம்பிக்கையால் நோய் தணிவது பிளாசீபோ என்றால், பயத்தால் உபாதை வருவது இது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். அது தவறு என்று நினைக்கிறேன். அந்த 60 பேரும் பொய் சொல்லவில்லை. வலி வந்தது, தூக்கம் கெட்டது, மாடி ஏற முடியவில்லை. வலி நிஜம்தான், அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் ஆள் மாறாட்டம். பிரமை என்று சொன்ன டாக்டர் பாதி சரியாகச் சொல்லி, நோயாளியை முழுதாக இழந்துவிட்டார்.

இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கை. பிரிட்டன், அயர்லாந்து, வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளில் சுமார் 10,000 பேரை வைத்து நடந்தது. முதல் கட்டத்தில் யாருக்கு அசல், யாருக்குப் போலி என்று யாருக்கும் தெரியாது. தசைவலிப் புகார் இரு பக்கமும் சமம். அடுத்த கட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். உடனே ஸ்டாட்டின் போடுகிறவர்களின் புகார், போடாதவர்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிட்டது. மருந்து அதேதான், மனிதர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒன்றேகால் லட்சம் பேர் அளவிலான சோதனைகளை 2022இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தசைவலி சொன்னவர்கள் மருந்துப் பக்கம் 27.1 சதவீதம், போலிப் பக்கம் 26.6. அந்த அரை சதவீதம் இருக்கிறது. அது உங்கள் கெண்டைக்காலாகவும் இருக்கலாம். சிலருக்கு ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். மிக அரிதாகத் தசை உண்மையாகவே சிதையும். தாங்க முடியாத வலி, கருத்த சிறுநீர் என்றால் உடனே ஓட வேண்டும். ஆனால் அந்த 26.6ஐப் பாருங்கள். மருந்தே போடாத நாலு பேரில் ஒருவருக்கு எப்படியும் கைகால் வலிக்கிறது. வயதானால் வலிக்கும். பழி யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி.

"இங்கிலீஷ் மருந்தே உடம்புக்கு ஆகாது" என்பது அப்பாவின் அடுத்த அஸ்திரம். முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து 1973இல் அதைப் பிடித்தார். அரிசியில் பூத்திருந்த பூஞ்சை அது. இதைச் சொன்னபோது அப்பா கொஞ்சம் யோசித்தார். "அரிசியிலா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை அசைத்தது என் ஆய்வுக்கதை அல்ல, அம்மா. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஸ்டென்ட் வைப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலிருந்து உங்கள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டது யார்?" முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால். டிக்கெட் கிழித்த காலத்திலேயே குடைந்த கால். நான் மெதுவாகக் கேட்டேன்: "மாத்திரை போடாத இந்த நாலு மாதமும் வலிக்கவே இல்லையா அப்பா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வலித்ததுதான். ஆனால் பயமில்லாமல் வலித்தது."

வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் காலைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். தசைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு இயல்பாக இருந்தது. "வலிப்பதை நம்புகிறேன். மாத்திரையைப் போடுங்கள், தினமும் வலிக்கு மார்க் போட்டு எழுதுங்கள், ஆறு வாரம் கழித்துச் சேர்ந்து பார்ப்போம்" என்றார். அந்த "நம்புகிறேன்" என்ற வார்த்தைக்கு அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கணக்கு எழுதுவது என்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்? தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் மார்க்கும் நேரமும் எழுதிக் கம்பியில் குத்தி வைக்கிறார்.

முதல் நாள் 4 மார்க். மறுநாள் 2. ஒரு வெள்ளிக்கிழமை 7. பக்கத்திலேயே "ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றது" என்று குறிப்பு.

அந்தப் பதினோரு அட்டைகளையும் எக்ஸ்பயரி தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். இவை தீரும்வரை புது அட்டை வாங்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.