மாநில வரிக் கழிவு: வரம்பு ஏறியதைக் கவனித்தீர்களா?

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கட்டிய வருமான வரியையும் சொத்து வரியையும் சேர்த்து ஃபெடரல் ரிட்டர்னில் (மத்திய அரசுக்கான வரிக் கணக்கில்) கழிக்க 2018 முதல் 2024 வரை 10,000 டாலர்தான் உச்சவரம்பு. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா பக்கம் வீடு வாங்கியவர்கள்கூட கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ-வை மறந்து, பட்டியல் இல்லாமலே கிடைக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே போதும் என்று பழகிவிட்டார்கள். 2025 கணக்கில் அந்தப் பழக்கம் காசைத் தின்னும்.

2025-க்கு வரம்பு 40,000 டாலர், 2026-க்கு 40,400. 2030-இல் மறுபடி 10,000. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்கிறார்கள் என்று வையுங்கள். முதலாளி தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தின் 17-ஆம் கட்டத்தில் மாநில வரி 18,000, சொத்து வரி 12,000, வீட்டுக்கடன் வட்டி 14,000. பழைய வரம்பில் மொத்தம் 24,000தான் தேறும். இப்போது 44,000. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500. கூடுதல் கழிவு 12,500. 24 சதவீத அடுக்கில் 3,000 டாலர் மிச்சம்.

2025-இல் வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் கதை வேறு. தாண்டும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் வரம்பில் 300 குறையும். 6 லட்சத்தில் பழைய 10,000-க்கே வந்து நிற்கும். வரம்பு முழுவதையும் பயன்படுத்துகிறவருக்கு அந்த இடைவெளியில் 35 சதவீத அடுக்கு உண்மையில் 45.5 சதவீதம். அந்த ஆண்டில் பங்குகளை விற்று லாபம் எடுக்கும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எந்த ஆண்டில் பணம் கட்டினீர்களோ அந்த ஆண்டுக் கழிவு. மாநில முன்வரியின் ஜனவரி 15 தவணையை டிசம்பர் 31-க்குள் கட்டினால் இந்த ஆண்டிலேயே வரும்; வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவசரப்பட்டுப் பயனில்லை. கழித்த வரியில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு ரீஃபண்டாக வந்தால் அதைத் தெரிவிக்கும் 1099-ஜி படிவம் வரும், அது வருமானம். ஆனால் வரம்பால் கழிக்க முடியாமல் போன பகுதிதான் திரும்பி வந்தது என்றால் அதற்கு வரி இல்லை. இதைப் பார்க்காமல் முழுத் தொகையையும் வருமானத்தில் சேர்ப்பவர்கள் ஏராளம்.

தொழில் நடத்துவோருக்கு வரும்போதுதான் சட்டத்தின் ஓரவஞ்சனை தெரிகிறது. தனக்கான வரியைத் தானே கட்டும் நிறுவனமான சி கார்ப்பரேஷன் மாநில வருமான வரியை முழுதாகச் செலவில் எழுதலாம், வரம்பே கிடையாது. லாபம் உரிமையாளர்களின் கணக்குக்குப் போகும் பார்ட்னர்ஷிப், எஸ் கார்ப்பரேஷன் என்றால் பெரும்பாலான மாநிலங்களில் அவர்களுக்குப் பதில் நிறுவனமே அந்த வரியைக் கட்டிச் செலவில் எழுதும் ஏற்பாடு உண்டு. மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் 2020 நவம்பரில் இதற்கு ஒப்புதல் சொன்னது. உரிமையாளரின் பங்கு லாபம் முதலிலேயே குறைந்துவிடுவதால் 5 லட்ச வரம்புக்கும் உதவும். தேதி தவறினால்தான் சிக்கல்: நியூயார்க்கில் மார்ச் 15-க்குள் இந்த ஏற்பாட்டுக்கு விருப்பம் தெரிவித்தாக வேண்டும்.

தனி ஆளாகத் தொழில் நடத்தி அதன் கணக்கை ஷெட்யூல் சி-யில் போடுபவருக்கு இந்த வழி இல்லை. லாபத்துக்கான மாநில வரியைத் தொழில் செலவில் எழுதுவதே தவறு. அது ஷெட்யூல் ஏ-வுக்குத்தான் போகும். இதற்காகவே எஸ் கார்ப்பரேஷனுக்கு மாறச் சொல்பவர்கள் சம்பளப் பட்டியல், 1120-எஸ் என்ற தனி வரிக் கணக்கு, எஸ் கார்ப்பரேஷனுக்குக் கலிஃபோர்னியா போடும் 1.5 சதவீத வரி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதில்லை. மாநில வரியும் சொத்து வரியும் சேர்ந்து 40,000-க்குள் அடங்கினால், இந்த ஒரு காரணத்துக்காக மாற வேண்டியதில்லை.