இலவசம்னு சொன்னா மட்டும் கூட்டம் வந்துடாது அண்ணே

மேல ஒரு அண்ணன் "மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மாதிரி கண்புரை ஆபரேஷன ஃப்ரீயா பண்ணுனா போதும், ஆப்பிரிக்காவுலயும் பார்வைக் குறை போயிரும், பண்ண மனசுதான் இல்ல"னு போட்டிருக்கார். அது சரியில்ல அண்ணே. அரவிந்த் கேம்ப் நடத்துன கிராமங்கள்லயே ஆய்வு பண்ணி 1999ல வெளியிட்டாங்க, கண்ணுல பிரச்சினை இருந்தவங்கள்ல நூத்துக்கு 7 பேர் மாதிரிதான் கேம்ப்புக்கே வந்திருக்காங்க, ஃப்ரீயா இருந்தும். கத்தி வைக்கப் பயம், போய்வர செலவு, வீட்ட யாரு பாக்குறது, வயசாச்சு இனி எதுக்கு, இதெல்லாம்தான் காரணம். நம்ம உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அப்பத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும்னா கூட வர்ற ஆளுக்கு ஒருநாள் கூலி போகுமே, அத யாரு குடுப்பா?

அதனாலதான் பஸ் வச்சு கூட்டிட்டுப் போறது, சாப்பாடு, அப்புறம் ஊருக்குள்ளயே விஷன் சென்டர் வச்சு டெக்னீஷியன் பொண்ணுங்க டெஸ்ட் பண்ண டாக்டர் வீடியோவுல பாக்குறதுன்னு ஒவ்வொண்ணா சேத்தாங்க. அரவிந்த் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது, ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸோட விலையக் குறைக்க அவங்களே லென்ஸ் செய்யுற ஆரோலேப் 1992லதான் வந்துச்சு, அதுக்கே 16 வருஷம் ஆச்சு.

இத அப்படியே தூக்கி வேற நாட்டுல வைக்கவும் முடியாது. சஹாராவுக்குத் தெக்க சராசரியா பத்து லட்சம் பேருக்கு மூணு கண் டாக்டர் அளவுக்குத்தான் இருக்காங்க, ஊரும் தூரம் தூரமா கிடக்கு, நர்ஸ் ட்ரெயினிங் முடிச்சதும் வெளிநாடு போயிர்றாங்க, ஃபண்டு குடுக்குறவங்க ரெண்டு மூணு வருஷத்துல ப்ராஜெக்ட்ட மூடிர்றாங்க. இதுல அங்க உள்ளவங்களுக்கு மனசு இல்லனு சொல்றது ரொம்பத் தப்பு.