சர்வீஸுக்குக் காசில்லாதவன் எழுதுவது

எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமையிலிருந்து சுற்றும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஹோண்டா சிவிக் டைப் ஆர், முன்சக்கரங்கள் ரேம்ப் மேலே, அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். கால்கள் என்னுடையவைதான், எஞ்சின் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கீழே நம் மதிப்புக்குரிய அண்ணன் எழுதியது: "ரேஸ் கார் வாங்க காசு இருக்கு, சர்வீஸ் பண்ண காசு இல்ல போல." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பேட்டரி செத்தால் இரவு பதினொரு மணிக்கும் எனக்குத்தான் போன் போடுவார்கள். சரி, விடுங்கள்.

குழுவில் நான் பதில் போடவில்லை. அங்கே கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, காணாமல் போன பூனை எல்லாம் வர வேண்டும். இது என் பக்கம், இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு. மினியாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் ஆயில், மாற்றுவதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? கோலாலம்பூரில் பாதி வொர்க்‌ஷாப்பில் ஆயில் அவர்களிடம் வாங்கினால் கூலியே கிடையாது. நான் ரேம்ப், டார்க் ரெஞ்ச், ஃபில்டர் கழற்றும் கப், எண்ணெய் பிடிக்கும் தட்டு என்று வாங்கிக் குவித்த காசுக்கு எத்தனையோ தடவை வெளியே மாற்றியிருக்கலாம். என் மனைவியே இதைச் சொல்லிக் காட்டுவாள். ஆக, காசில்லாமல் செய்கிறேன் என்பவருக்குக் கணக்கும் தெரியவில்லை, காரும் தெரியவில்லை. என் எஞ்சினுக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இது என்ன எஞ்சின் என்றும் சொல்லிவிடுகிறேன். 2007இல் ஹோண்டா மலேசியா ஜப்பானிலிருந்து முழு காராக இறக்கி விற்ற எஃப்டி2 மாடல் சிவிக். இரண்டு லிட்டர் கே20ஏ, டர்போ கிடையாது, 225 குதிரைத்திறன், அதுவும் 8,000 ஆர்பிஎம்மில்தான் முழுசாக வரும். விடெக் என்று எல்லாரும் வாய் நிறையச் சொல்கிறோமே, வேகம் ஏறும்போது வால்வுகளை அதிகமாகத் திறக்க வைக்கும் ஹோண்டாவின் ஏற்பாடு, அது வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில். ஆறாயிரம் ஆர்பிஎம் பக்கம் போகும்போது ஆயில் ஒரு சின்ன பின்னைத் தள்ளி ராக்கர் ஆர்ம்களைச் சேர்த்துப் பூட்டுகிறது, வால்வு பெரிய கேமுக்கு மாறுகிறது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதே ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது. இந்த எஞ்சின் சும்மாவே கொஞ்சம் ஆயில் குடிக்கும். லெவல் இறங்கிவிட்டால் விடெக் வேலை செய்யாமலே போகும். இதில் "ஏதோ ஒரு ஃபுல்லி சிந்தட்டிக் ஊத்திட்டேன் பாஸ்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு வயிறு கலங்குமா கலங்காதா?

சொல்கிறேன், கேளுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், பெரிய போர்டு வைத்த இடம். கார் வாங்கிய புதிதில் அங்கே விட்டேன். ஆயிலை டிரம்மிலிருந்து பிடித்து வந்தார்கள். என்ன கிரேட் என்றேன். "நல்ல ஆயில்தான் பாஸ்." தரக் குறியீடு எஸ்பியா எஸ்என்னா என்றேன். பையன் என் முகத்தையே பார்த்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் டிரெயின் போல்ட்டை ஏர் கன் வைத்து இறுக்கினானே, அதை மன்னிக்க முடியவில்லை. ஆயில் தேங்கி நிற்கும் அந்த சம்ப் அலுமினியம். போல்ட் தலை 17 மில்லி, இறுக்க வேண்டியது 40 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். கையாலேயே இறுக்கிவிடலாம். அடுத்த முறை கழற்றும்போது போல்ட்டோடு சேர்ந்து மரையும் வெள்ளி நூல் மாதிரி சுருண்டு வந்தது. ஹெலிகாயில் (கெட்டுப்போன மரைக்குள் வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுக் காப்பாற்றியவர் செகாம்புட்டில் ஒரு சீன முதியவர். அவர் என்னைத் திட்டவில்லை. போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்கப் போனால் அந்தப் பெரிய போர்டுக்காரர்கள் சொன்ன பதில்: "பழைய கார் பாஸ், அப்படித்தான் இருக்கும்."

அன்றிலிருந்து நானே செய்கிறேன். எஞ்சினை மிதமான சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆயிலை முழுசாக வடிய விட்டு, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சில் 'டிக்' சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவேன். காந்தம் வைத்த போல்ட் போட்டிருக்கிறேன். அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும், அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பேன். மாவாக இருந்தால் பரவாயில்லை. நரநரவென்று துகள் தட்டுப்பட்டால்தான் தூக்கம் போகும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலை விட்டுத் தடவுவேன். அது நின்றிருக்க, மேலே புது ஃபில்டரை மாட்டினால் அழுத்தம் ஏறியதும் மொத்த ஆயிலும் ரோட்டில். இதையெல்லாம் எந்தக் கடையில், எந்தப் பையன், எனக்காகத் தடவிப் பார்ப்பான்?

உடனே வருவார்கள், "கழிவு எண்ணெயை லொங்காங்கில்தானே (சாக்கடையில்) ஊற்றுவாய்?" என்று. நல்ல கேள்வி. இதற்கு மட்டும் பொறுமையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. கழிவு எஞ்சின் ஆயில் இந்த நாட்டில் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டப்படி தனியாகக் கையாள வேண்டிய கழிவு. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிமுறைகளில் அதற்கு எஸ்டபிள்யூ 305 என்று எண்ணே இருக்கிறது. நம் லொங்காங் தண்ணீர் கடைசியில் சுங்கை கோம்பாக்கில் போய் விழுகிறது, மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் சுங்கை கிள்ளானோடு சேர்கிறது. அதனால் வடிந்த ஆயிலைப் புது ஆயில் வந்த அதே பாட்டில்களில் திருப்பி ஊற்றி, மூடி, பழக்கமான வொர்க்‌ஷாப்பில் கொடுக்கிறேன். அவர்கள் டிரம்மில் சேர்த்து, உரிமம் வைத்திருக்கும் ஆள் வந்து எடுத்துப் போகிறார். நசுங்கிய பழைய ஃபில்டரும் அங்கேதான் போகிறது. போர்ச்சில் ஒரு சொட்டு சிந்தினாலும் மரத்தூள் போட்டுத் துடைக்கிறேன். இதே தாமானில் மீன் கழுவிய தண்ணீரை ரோட்டில் கொட்டுகிறவர்களின் படத்தை யாரும் எடுத்துப் போடுவதில்லையே, ஏன்?

"ஜாக் சரிந்தால் உயிர் போகும்." போகும். அதனால்தான் ரேம்ப், பின்சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், சமதளம். காரோடு கொடுக்கும் கத்தரி ஜாக்கை மட்டும் நம்பி அடியில் புகுகிறவன் நான் இல்லை. இந்தக் கார் தாழ்வு என்பதால் முன் பம்பர் இடிக்காமல் இருக்க ரேம்புக்கு முன்னால் இரண்டு பலகை வேறு போடுகிறேன். படத்தில் பலகையும் கட்டையும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் கண்ணுக்குப் பட்டது கால்தான்.

"வாரண்டி?" புது கார் வைத்திருப்பவர்கள் தாராளமாக அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே போங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். என் காரின் வாரண்டி முடிந்து எத்தனையோ தீபாவளி வந்து போய்விட்டது.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை போதுமே, ஏன் அடிக்கடி?" ஜாலான் கூச்சிங்கில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். மீட்டர் நகராது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் எப்போதாவது செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே என்று போனால் ரெட்லைன் வரை மிதிக்கிறோம். ஐயாயிரத்தில் மாற்றுவது என் காரின் மேல் எனக்குள்ள அக்கறை. உங்கள் காருக்கு உங்கள் கணக்கு.

இப்போது உண்மையில் என்னைச் சுட்டதற்கு வருகிறேன். அண்ணன் எழுதியது போகட்டும், அவர் எப்போதும் அப்படித்தான். அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினாரே, "படிச்ச பையன், கூலிக்காரன் மாதிரி கார் அடியில படுத்திருக்கான்" என்று. அதை எழுதியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதும் இந்தத் தாமானில் பழைய ஆட்களுக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன், அது எனக்கு அழகில்லை.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நம்மவர்கள் எத்தனை பேர் அந்தப் பட்டறையில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்! சாயங்காலம் அப்பா வந்ததும் சோப்புத் தூளில் சீனி கலந்து கையைத் தேய்ப்பார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இலை வரும்வரை கையை மேசைக்குக் கீழேயே வைத்திருப்பார். ஏன்பா என்று நான் கேட்டதில்லை. கேட்காமலேயே எனக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. இன்று என் நகத்தில் அதே கறுப்பு இருக்கிறது, நான் அதே கையோடு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து பேசுகிறேன். யார் என்ன செய்துவிட முடியும்?

வெள்ளைக்காரன் வீட்டுக் கராஜில் காரைப் பிரித்துப் போட்டு வீடியோ எடுத்தால் அது ஹாபி, அதற்கு லைக் போட்டு மகனுக்கும் அனுப்புவீர்கள். பக்கத்து வீட்டுத் தமிழன் சொந்தப் போர்ச்சில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் அவனுக்குக் காசில்லை, அவன் கூலிக்காரன். நீங்களெல்லாம் காரை விட்டுவிட்டு ஏர்கான் அறையில் உட்கார்ந்து ஓசி காப்பி குடிக்கிறீர்கள். குடியுங்கள், நான் குறை சொன்னேனா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் காருக்குள் என்ன ஊற்றினார்கள் என்று மட்டும் ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். பாட்டிலின் சீல் உங்கள் கண் முன்னால் உடைந்ததா என்று பாருங்கள். போலி ஆயில் பிடிபட்ட செய்தி இந்த நாட்டில் புதிதா?

பத்திரிகை நடத்தவோ பட்டறை திறக்கவோ நான் இதை எழுதவில்லை. எல்லாரும் வீட்டில் மாற்றுங்கள் என்றும் சொல்லவில்லை. நம்பிக்கையான ஃபோர்மேன் (மெக்கானிக்) கிடைத்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை, நான் படுத்துக்கொள்கிறேன்.

தனியாக மெசேஜ் போட்டு "அண்ணே, எனக்கும் காட்டிக் கொடுங்க" என்று கேட்ட இரண்டு தம்பிகளுக்கு: ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். ரேம்ப், தட்டு, ரெஞ்ச் எல்லாம் இருக்கிறது. ஆயிலும் ஃபில்டரும் உங்கள் காருக்கு ஏற்றதைச் சீல் உடைக்காமல் கொண்டு வாருங்கள். டைப் ஆர் வைத்திருக்கும் தம்பி நாலு லிட்டர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளாமல் கூட ஒரு லிட்டர் பாட்டிலும் வாங்கிக்கொள்ளவும். மைவி கார் வைத்திருக்கும் தம்பி வாஷரைச் சொந்தமாக வாங்கி வரவும், என்னிடம் இருப்பது ஹோண்டாவுக்கு மட்டும்.