நேருக்கு நேர் மோதலும் 120 கணக்கும்

ஏ9 வீதி (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) விபத்துகள் பற்றிப் பேசும்போது ஒரு கணக்குச் சுற்றுகிறது: தலா 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இரண்டு வான்கள் நேருக்கு நேர் மோதினால், ஒவ்வொன்றுக்கும் 120இல் சுவரில் மோதிய அடி விழுமாம். ஒரே திணிவுள்ள வான்கள் என்றால் அப்படியில்லை. 60இல் அசையாத சுவரில் மோதிய அடிதான் விழும் (அதுவே போதும், ஆளைக் கொல்ல).

60 என்பது விநாடிக்கு ஏறத்தாழ 16.7 மீற்றர். திணிவில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள்: 2000 கிலோ வானுக்கு இயக்கசக்தி சுமார் 278 கிலோயூல். இரண்டுக்கும் சேர்த்து 556. அதை இரண்டும் பங்கிட்டு நசிகின்றன. 120இல் சுவரில் மோதும் வானுக்கோ 1111, முழுக்க அதன் தலையிலேயே.

கணக்கில் நம்பிக்கை இல்லையா? சரி, குளத்துக் களிமண்ணில் ஒரே அளவு உருண்டைகள் பிடித்து, சம நீள நூலில் கட்டி, இரண்டை எதிரெதிரே ஒரே உயரத்திலிருந்து மோத விடுங்கள். அப்புறம் ஒன்றை அதே உயரத்திலிருந்து சுவரில். தட்டையாவது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். இரட்டை வேகத்துக்கு நான்கு மடங்கு உயரத்திலிருந்து விட வேண்டும். அப்போது சப்பளிந்தே போகும்.

டிப்பரும் முச்சக்கரவண்டியும் மோதினால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே இலேசானதுக்குத்தான் பெரிய அடி.