அவனே போட்ட டிக்

மாணவர்கள் தங்கள் வகுப்பறை நடத்தையைத் தாங்களே கவனித்துக் குறிக்க டேப்லெட் உதவும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மைதான். மேலூர்ப் பக்கம் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். சும்மா சும்மா எழுந்துவிடும் ஒரு பையனிடம் என் பழைய போனைக் கொடுத்தேன். 5 நிமிடத்துக்கு ஒருதரம் சத்தமில்லாமல் அதிரும். உடனே ‘இப்போ பாடத்தைக் கவனிக்கிறேனா?’ என்று தன்னையே கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் டிக் அல்லது பெருக்கல் குறி போட வேண்டும்.

முதல் நாள் எல்லாமே டிக்! நான் திட்டவில்லை. நானும் தனியாக ஒரு தாளில் குறித்து, மணி அடித்ததும் ரெண்டையும் ஒப்பிட்டோம். மூன்றாம் வாரம் அவனே தான் போட்ட ஒரு டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, “இல்ல டீச்சர், அப்ப ஜன்னல்ல பஸ் பாத்துட்டு இருந்தேன்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் இடைவெளியை 10 நிமிடமாக்கினோம்.

தயவுசெய்து அந்தக் குறிப்பைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மறுநாளே பிள்ளை பொய் டிக் போட ஆரம்பித்துவிடும்.