ஓவர் கொடுப்பதையே பார்க்காமல் ஒரு நர்சிங் டிகிரி

நர்சிங் படிப்புக்கும் வார்டு வேலைக்கும் ஒட்டவே இல்லை என்று பேச்சு வந்தால், பழி உடனே பாடத்திட்டத்தின் மேல் விழும். பாடத்திட்டம் 2021லேயே மாறிவிட்டது, பி.எஸ்சி நர்சிங் இப்போது எட்டு செமஸ்டர். மாறாமல் இருப்பது காலேஜ் பஸ் நேரம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் பல காலேஜ் பஸ்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது எட்டு, எட்டரை ஆகிவிடும். நைட் டியூட்டி சிஸ்டர் அதற்கு முன்பே ஓவர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், அதாவது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் சொல்லி ஒப்படைத்திருப்பார். மதிய ஷிப்ட் மாறுவதற்குள் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடுவார்கள். “மூணாம் பெட், நேத்து சாயங்காலம் சிசேரியன், ராத்திரி பன்னெண்டுலேர்ந்து யூரின் 100 மில்லிதான், டாக்டர்கிட்ட சொல்லியாச்சு” என்று ஒரு சிஸ்டர் சொன்னால், அதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். 60 கிலோ பெண்ணுக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். காலை ஏழு வரை ஏழு மணி நேரத்துக்கு 210. பாதிகூட இல்லை. யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, ரத்தம் உள்ளே கசிகிறதா, திரவம் போதவில்லையா? இந்த யோசனை ஓவர் எடுக்கும்போதுதான் பழகும், நோயாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் கேர் பிளானை சீனியர் நோட்டிலிருந்து காப்பி அடிக்கும்போது பழகாது. மாதத்தில் ஒரு வாரமாவது ஏழு மணிக்குள் பிள்ளைகள் வார்டில் நிற்க வேண்டும். மதியம் ஓவர் கொடுக்கும்வரை இருக்கவும் வேண்டும்.

டிரிப் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். வகுப்பில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்று மனப்பாடம் செய்த பிள்ளை நிமிஷத்துக்கு 31 என்று வைக்கும். வார்டில் கையில் இருப்பதோ ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்; அதற்கு 42 வைக்க வேண்டும். 31 வைத்தால் பாட்டில் முடிய ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைகீழாக, 20 என்று நினைத்து 15 சொட்டு செட்டில் 42 வைத்தால் மூன்று மணி நேரத்தில் காலி. இதயக் கோளாறு உள்ள நோயாளிக்கு அது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். எண் செட்டின் கவரிலேயே அச்சடித்திருக்கிறது. கவரைப் பிரிக்கும் முன் படிக்கச் சொல்ல, வார்டில் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் சிக்கலே. காலேஜ் ஆசிரியரான டியூட்டர் கூடவே வருவார், ஆனால் வார்டு அவர் பொறுப்பில் இல்லை. ஊசி மருந்து அலமாரி சாவிகூட அவரிடம் இருக்காது. சிஸ்டருக்கு வேலை தெரியும், ஆனால் மாணவி மார்க்கில் அவருக்குப் பங்கு இல்லை. விளைவு, பிள்ளைகள் பிபி பார்த்து எழுதுவார்கள், சாம்பிளை லேபுக்குத் தூக்கிப் போவார்கள். லேபர் வார்டில் இன்னும் மோசம்: பிரசவம் முன்னேறுவதைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளை, குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து வரைவது. அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் குறித்தால்தான் அந்தத் தாளுக்கு அர்த்தம். பிரசவம் எங்கே தாமதமாகிறது என்று நேரத்தோடு காட்டவே அது இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் ஆசிரியர்களுக்கு வார்டுப் பொறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. எல்லா ஊரிலும் அதை அப்படியே செய்ய முடியாது. சம்பளம் ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது. ஆனால் சின்னதாகத் தொடங்கலாம். டியூட்டர் வாரத்தில் ஒரு நாள் முழு ஷிப்டும் நோயாளிகளைப் பார்க்கட்டும். மாணவி செய்த வேலைகளைக் குறிக்கும் லாக் புக்கில் “செய்தாள்” என்று டியூட்டர் போடும் கையெழுத்தோடு, “தனியாகச் செய்ய விடலாம்” என்று சிஸ்டர் போடும் கையெழுத்தும் இருக்கட்டும். அதற்கு மார்க் வேண்டும், சிஸ்டருக்கு காலேஜ் அலவன்ஸ் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கற்றுக்கொடு என்று ஏற்கெனவே நாற்பது நோயாளிகளைப் பார்ப்பவரிடம் கேட்பது நியாயமே இல்லை.

கூட்டத்தையும் குறைக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு. முப்பது பெட் வார்டென்றால் பத்துப் பேர்தான். ஒரே காலையில் மூன்று காலேஜ் யூனிஃபார்ம் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால், எந்த காலேஜுக்கு எந்த வார்டு, எந்த வாரம் என்று ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பிரண்டென்ட் அலுவலகமே பட்டியல் போட்டு ஒட்டட்டும். வரம்பு தாண்டி வரும் காலேஜை வாசலோடு திருப்பி அனுப்பும் அதிகாரமும் அந்த அலுவலகத்துக்கே இருக்கட்டும்.